கண்டி நகர் தந்த வாரப் பத்திரிகை
'முஸ்லிம் நேசன்' ஆசிரியர் மர்ஹூம் சித்திலெப்பை அவர்கள்

செய்தியின் அருமை வியாபாரிக்குத் தெரியும். எந்தச் சரக்கு எந்தத் துறைமுகத்தில் என்ன விலைக்குப் போகிறது, எந்தக் கப்பல் என்று வந்து சேரும், ஊரில் மழை பெய்ததா பொய்த்ததா என்பதை முதலில் அறிந்தவரே முதலில் கொள்முதல் செய்வார். தந்தி பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமே கட்டுப்படியான அந்தக் காலத்தில், நம் முன்னோர்கள் கடிதங்களையும் கப்பலில் வந்திறங்கும் ஆட்களையும்தான் நம்பியிருந்தார்கள். அப்படிப்பட்ட நாளில், தமிழ் வாசிக்கத் தெரிந்த முஸ்லிம்களுக்காக வாரந்தோறும் ஒரு பத்திரிகை வெளிவந்தது. அது சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வரவில்லை. கண்டி என்ற மலைநகரிலிருந்து வந்தது. அதன் பெயர் 'முஸ்லிம் நேசன்'. அதைத் தோற்றுவித்து நடத்தியவர்கள் முஹம்மது காசிம் சித்திலெப்பை அவர்கள்.

அவர்களுடைய பெயர் இலங்கையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் தம் பத்திரிகையைக் கொண்டு என்ன சாதித்தார்கள் என்பது இங்குள்ள நம்மவர் பலருக்குத் தெரியாது. ஆகவே அதைச் சற்று விரிவாகவே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

பிறப்பும் தொழிலும்

சித்திலெப்பை அவர்கள் 1838-ம் ஆண்டு ஜூன் மாதம் 11-ம் தேதி கண்டியில் பிறந்தார்கள். கண்டி இராஜ்யம் 1815-ல் ஆங்கிலேயர் கைக்குப் போய் அப்போது இருபத்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர்களுடைய முன்னோர் இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள அளுத்கமையிலிருந்து வியாபாரத்தின் பொருட்டு மலைநாட்டுக்கு வந்து குடியேறியவர்கள். தந்தையார் வியாபாரத்தை விட்டுச் சட்டத் தொழிலில் இறங்கினார். இலங்கை முஸ்லிம்களில் முதன்முதலாகப் பிரக்கிராசி, அதாவது வழக்கறிஞர், ஆனவர் என்ற பெயர் பெற்றவர். அந்நாளில் முஸ்லிம் பிள்ளைகள் ஓதற்பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டு கடைக்குப் போவதே வழக்கமாக இருந்தது. இந்த வீட்டிலோ அரபும் தமிழும் ஆங்கிலமும் ஒன்றாகப் புழங்கின. இது மகனார்க்குக் கிடைத்த பெரும் பேறு.

மகனாரும் தந்தையார் வழியிலேயே சென்றார்கள். 1862-ல் மாவட்ட நீதிமன்றத்திலும், பின்னர் உயர் நீதிமன்றத்திலும் பிரக்கிராசியாக ஏற்கப்பட்டார்கள். கண்டி நகரசபையில் அங்கத்தினராக இருந்தார்கள். நகரசபை நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் கடமையாற்றினார்கள். நல்ல வருமானம், ஊரில் மதிப்பு, அரசாங்க உத்தியோகஸ்தரிடையே செல்வாக்கு என்று ஒரு மனிதன் விரும்பக் கூடியவையெல்லாம் நாற்பது வயதுக்குள் அவர்களுக்கு வாய்த்துவிட்டன. அத்தோடு அமைந்துவிட்டிருந்தால் அவர்களை இன்று நினைப்பவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

நீதிமன்றத்தில் தினந்தோறும் கண்ட காட்சியே அவர்களை வேறு திசையில் திருப்பியது எனலாம். உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாமல் கையெழுத்திடுவோர் இருந்தார்கள். சட்டம் இன்னதென்று அறியாமல் சொத்தை இழப்போர் இருந்தார்கள். ஆங்கிலத்தில் வந்த அரசாங்கக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழி தெரியாமல் நிற்போரும் இருந்தார்கள். கணக்கில் கெட்டிக்காரர்களான நம்மவர் கல்வியில் பின்தங்கியதால் மற்றவரிடம் கைகட்டி நிற்க நேர்ந்தது. தனி மனிதருக்கு வழக்காடினால் ஒரு குடும்பம் பிழைக்கும்; ஒரு சமூகம் பிழைக்க வேண்டுமானால் வேறு வழி தேட வேண்டும். அந்த வழி பத்திரிகை என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

1882-ம் ஆண்டு

இலங்கையில் தமிழ்ப் பத்திரிகை அப்போது புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை' 1841-லேயே தோன்றிவிட்டது. முஸ்லிம்களிலும் முன்னோடிகள் இருந்தார்கள். கொழும்பில் பாபா யூனுஸ் சல்தீன் என்ற மலாய்ப் பெரியார் 1869-ல் 'ஆலமத் லங்காபுரி' என்ற பத்திரிகையை மலாய் மொழியில், ஜாவி எழுத்தில், கல்லச்சில் வெளியிட்டார். 1873-ல் 'புதினாலங்காரி' என்ற தமிழ்ப் பத்திரிகையும் முஸ்லிம்களால் தொடங்கப்பட்டது. ஆயினும் ஒரு சமூகத்தின் குரலாக நிலைத்து நின்ற வார இதழ் என்று 'முஸ்லிம் நேசனை'யே சொல்ல வேண்டும். அதன் முதல் இதழ் 1882-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 21-ம் தேதி கண்டியில் வெளிவந்தது.

அந்த ஆண்டு முஸ்லிம் உலகம் முழுவதும் மிசுறு தேசத்தை நோக்கிக் கொண்டிருந்தது. ஜூலை 11-ம் தேதி ஆங்கிலக் கப்பற்படை அலெக்சாந்திரியாவின் மீது குண்டு பொழிந்தது. செப்டம்பர் 13-ம் தேதி தெல்-அல்-கபீர் என்ற இடத்தில் அஹ்மத் ஒராபி பாஷாவின் படை தோற்றது. ஆங்கிலப் பத்திரிகைகளில் ஒரு தரப்புச் செய்தியே பெரும்பாலும் வந்தது. அதையும் ஆங்கிலம் தெரிந்தவர் வாசித்துச் சொன்னால்தான் மற்றவர் அறிய முடிந்தது. கடைத்தெருவில் வதந்திகள் உலவின. நம்பத்தக்க செய்தியைத் தாய்மொழியில் தருவதற்கு ஒரு பத்திரிகை வேண்டுமென்ற தாகம் எங்கும் இருந்தது. சித்திலெப்பை அவர்கள் தக்க தருணத்தில் கடை விரித்தார்கள் என்று வியாபாரிகளாகிய நாம் சொல்லலாம்.

ஆனால் உள்ளூர் நிலைமை அவ்வளவு சாதகமாக இருக்கவில்லை. அப்போது கண்டி சுமார் 20,000 பேர் வாழ்ந்த சிறிய நகரம். மலைநாட்டின் செல்வமெல்லாம் காப்பியில் இருந்தது. 1869-ல் முதலில் தென்பட்ட இலைநோய் பதினைந்தே ஆண்டுகளில் அந்தச் செல்வத்தைத் தின்றுவிட்டது. தோட்டங்கள் விழுந்தன. தோட்டங்களுக்கு அரிசியும் துணியும் கடனுக்குக் கொடுத்த கடைக்காரர்கள் தவித்தார்கள். 1884 மே மாதத்தில் ஓரியண்டல் பாங்கி கதவைச் சாத்தியது. கையிலுள்ள நோட்டு செல்லுமா செல்லாதா என்று ஜனங்கள் கலங்கியபோது, கவர்னர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டார். தேயிலை தலையெடுத்து வியாபாரம் மீண்டும் நிமிரச் சில ஆண்டுகள் பிடித்தன. காப்பி வீழ்ந்து தேயிலை எழுவதற்கு இடைப்பட்ட இந்தக் கஷ்ட காலத்தில்தான் 'முஸ்லிம் நேசன்' தன் சந்தாதாரர்களைத் தேட வேண்டியிருந்தது.

வாரம் ஒருமுறை

ஒரு சிறு நகரத்தில் அன்று வாரப் பத்திரிகை நடத்துவது எத்தகைய வேலை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஈயத்தில் வார்த்த தமிழ் எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து எடுத்துக் கோக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு வேண்டியதைப் போல் பல மடங்கு அறைகள் தமிழ் எழுத்துப் பெட்டிக்கு வேண்டும். பக்கம் கட்டி, பிழை திருத்தி, கையால் அச்சடித்து, மடித்து, விலாசம் எழுதி, தபாலில் சேர்க்க வேண்டும். பிறகு கோத்த எழுத்துக்களைப் பிரித்துப் பழைய அறைகளிலேயே போட்டால்தான் அடுத்த வாரம் வேலை நடக்கும். இவ்வளவும் ஆறு நாட்களுக்குள் முடிய வேண்டும்.

கண்டிக்கு ஒரு வசதி இருந்தது. 1867 முதல் கொழும்புக்கும் கண்டிக்கும் ரயில் ஓடியது. சுமார் 75 மைல் தூரத்தை மாட்டு வண்டி கடக்கப் பல நாள் ஆகும். ரயிலில் தபால் அன்றே போய்விடும். கொழும்பிலிருந்து கப்பல் வழியாகப் பத்திரிகை தென்னிந்தியக் கரைக்கும், பினாங்கு, சிங்கப்பூர் வரைக்கும் சென்றது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கீழ்த்திசைக் கப்பல்கள் அடிக்கடி இலங்கையைத் தொட்டுச் சென்றதும் இதற்கு உதவிற்று. மலையில் அச்சான தாள் மலாயாக் கடைகளில் வாசிக்கப்பட்டது இப்படித்தான்.

பத்திரிகையின் உள்ளே உள்ளூர்ச் செய்தி, அரசாங்கச் செய்தி, துருக்கி, மிசுறு முதலிய நாடுகளின் வர்த்தமானம், வாசகர் கடிதம், புலவர்களின் செய்யுள் எல்லாம் இருந்தன. ஆனால் அதன் உயிர் ஆசிரியர் எழுதிய கட்டுரைகளில் இருந்தது. அவற்றில் மீண்டும் மீண்டும் வந்த பொருள் ஒன்றுதான்: கல்வி.

பெரிய வழக்கு

ஆங்கிலக் கல்வியைப் பற்றி அன்றைய முஸ்லிம்களுக்கு இருந்த அச்சத்தை இன்று நாம் ஏளனம் செய்வது சரியல்ல; அதற்குக் காரணம் இருந்தது. ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவை கிறிஸ்தவ மிஷன்களின் கையில் இருந்தன. பிள்ளையை அங்கே அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்று பெற்றோர் பயந்தார்கள். அனுப்பாவிட்டால் உலகத்தில் பின்தங்கிப் போக நேரும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமுறை படிப்பில்லாமல் வளர்ந்தது.

சித்திலெப்பை அவர்கள் இந்தச் சிக்கலை ஒரு வழக்கறிஞரின் தெளிவோடு அணுகினார்கள். அச்சம் பள்ளிக்கூடத்தைப் பற்றியதே தவிர, மொழியைப் பற்றியதல்ல. எனவே மார்க்கமும் அரபும் தமிழும் ஆங்கிலமும் கணக்கும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கும் பள்ளிக்கூடங்களை முஸ்லிம்களே தங்கள் பணத்தில் கட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம். இந்துக்களுக்கு யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் செய்ததையும், பௌத்தர்களுக்காக 1880-ல் இலங்கை வந்த கர்னல் ஆல்காட் செய்யத் தொடங்கியதையும் பார்க்கும்போது, முஸ்லிம்கள் மட்டும் வாளாவிருந்தது அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

இதற்கு எதிர்ப்பு பலமாக வந்தது. ஆங்கிலம் படிக்கச் சொன்னதற்காகவே அவர்களுடைய மார்க்கப் பற்றைச் சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கும் கல்வி வேண்டும் என்று எழுதியபோது எதிர்ப்பு இன்னும் கடுமையாயிற்று. சந்தா கொடுத்து வாங்கும் வாசகரின் மனத்தைப் புண்படுத்தும் கட்டுரையை எழுதினால் பத்திரிகைக்கு நஷ்டம் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும். தெரிந்தே எழுதினார்கள். வருமானம் தந்த சட்டத் தொழிலை விட்டு விலகி, தம் நேரத்தையும் பொருளையும் பத்திரிகையிலும் பள்ளிக்கூடங்களிலும் செலவிட்டார்கள்.

முதல் பள்ளிக்கூடம்

'முஸ்லிம் நேசன்' பிறந்து மூன்று வாரம் ஆவதற்குள், 1883 ஜனவரியில், ஒராபி பாஷா அவர்களும் தோழர்களும் நாடு கடத்தப்பட்டுக் கப்பலில் கொழும்பு வந்து இறங்கினார்கள். அவர்களைக் காண முஸ்லிம்கள் திரண்டார்கள். ஒரு நாட்டின் விடுதலைக்குப் போராடித் தோற்ற தலைவர், கல்வியில்லாத சமூகம் எப்படி மற்றவர் கைக்குள் போகும் என்பதைத் தம் வாழ்வில் கண்டவர். சித்திலெப்பை அவர்களும் பாஷா அவர்களும் நண்பர்களானது இயல்பே. கண்டிப் பத்திரிகை எழுதி வந்ததற்குப் பாஷா அவர்களின் பெயர் பெரும் வலுவைத் தந்தது.

1884-ல் கொழும்பில் 'அல் மத்ரஸத்துல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா' என்ற பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. பாங்கி முறிந்த அதே ஆண்டில் நம்மவர் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கொடுத்தார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். எனினும் தொடக்கத்து உற்சாகம் நீடிக்கவில்லை. ஆதரவு குறைந்தது, சில காலத்தில் பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. எதிர்த்தவர்களுக்கு இது பேசுவதற்கு வாய்ப்பாயிற்று. சித்திலெப்பை அவர்கள் சோர்ந்துவிடவில்லை, எழுதுவதை நிறுத்தவுமில்லை.

ஓர் எழுத்தாளராகவும் அவர்களுக்குத் தனி இடம் உண்டு. 1885-ல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலை வெளியிட்டார்கள். தமிழில் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் வந்தது. அதற்கு ஆறே ஆண்டுகள் கழித்து வந்த இந்நூல் இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படுகிறது. மிசுறு தேசத்திலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நடக்கும் கதை அது. துறைமுகங்களையும் பிரயாணங்களையும் கொண்ட அந்தக் கதை, கப்பலேறிப் பிழைத்த மக்களுக்கு அந்நியமாக இருந்திருக்காது.

கடல் கடந்து வந்த எதிரொலி

'முஸ்லிம் நேசன்' நடந்த ஆண்டுகளில் நம் பகுதியிலும் தமிழ் முஸ்லிம்கள் பத்திரிகைத் தொழிலில் முன்னணியில் நின்றார்கள். சிங்கப்பூரில் சி. கு. மகுதூம் சாயபு அவர்கள் 1887 ஜூன் 27-ம் தேதி 'சிங்கை நேசன்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். விக்டோரியா மகாராணியாரின் பொன்விழாவையொட்டி அது வெளிவந்தது. தீனோதய அச்சியந்திரசாலையில் அச்சாகி, மூன்று ஆண்டுக் காலம், 1890 ஜூன் வரையில் அது நடந்தது. பினாங்கில் நாகூர் குலாம் காதிறு நாவலர் அவர்கள் 'வித்தியா விசாரிணி' பத்திரிகையை நடத்தினார்கள். கண்டி, பினாங்கு, சிங்கப்பூர் என்று மூன்று ஊர்களில் அச்சான தமிழ்ப் பத்திரிகைகளுக்கு வாசகர் ஒரே இனத்தார்தான்: கடல் வழியில் தொழில் செய்த நம் முன்னோர்கள். பத்திரிகைக்குச் சந்தா கட்டியவரும் அவர்களே, பாக்கி வைத்தவரும் அவர்களே. அக்காலத் தமிழ்ப் பத்திரிகைகள் பல இரண்டு மூன்று ஆண்டுகளில் மறைந்ததற்குச் சந்தா நிலுவை ஒரு முக்கிய காரணம். எழுதுவதற்கு ஆளில்லாமல் நின்றவை சிலவே. கணக்கு ஒத்துவராமல் நின்றவையே மிகுதி.

விதைத்தது முளைத்தது

1891-ல் கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடத்தைச் சித்திலெப்பை அவர்கள் நிறுவினார்கள். பிறர் வீட்டுப் பெண்களை அனுப்பச் சொல்லிவிட்டுத் தம் வீட்டைத் தனியே வைத்துக்கொள்ளவில்லை. தம் சகோதரியாரையே அந்தப் பள்ளிக்கூடத்தின் பொறுப்பில் அமர்த்தினார்கள். ஊர் வாயை அடைக்க இதைவிடச் சிறந்த பதில் வேறில்லை.

அடுத்த ஆண்டு, 1892 ஆகஸ்ட் 22-ம் தேதி, கொழும்பு மருதானைப் பள்ளிவாசல் வளவில் 'மத்ரஸத்துஸ் ஸாஹிரா' திறக்கப்பட்டது. இதற்குப் பொருளால் தோள் கொடுத்தவர் வாப்பிச்சி மரைக்கார் அவர்கள். 1877-ல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டிய கொந்தராத்துக்காரர் அவர். எழுத்தறிவால் ஒருவரும் செல்வத்தால் ஒருவரும் பெயரால் ஒருவருமாக, சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்கார், ஒராபி பாஷா ஆகிய மூவரும் சேர்ந்தபோது, 1884-ல் தவறிய காரியம் 1892-ல் நிலைத்தது. அதுவே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. 1921 முதல் டி. பி. ஜாயா அவர்கள் அதிபராக இருந்த காலத்தில் இலங்கையின் முன்னணிக் கல்லூரிகளில் ஒன்றாக விளங்கிற்று. வைத்தியர்களும் வழக்கறிஞர்களும் மந்திரிகளும் அங்கிருந்து வெளிவந்தார்கள்.

1892-ல் 'ஞானதீபம்' என்ற மாத இதழையும் சித்திலெப்பை அவர்கள் தொடங்கினார்கள். பிள்ளைகள் அரபு கற்பதற்கான பாடநூல்களையும் எழுதினார்கள். 1897-ல் 'அஸ்ராறுல் ஆலம்' என்ற ஞானநூல் வெளிவந்தது. அதுவும் சர்ச்சைக்குத் தப்பவில்லை. சர்ச்சை அவர்களுக்குப் புதிதுமல்ல. 1898-ம் ஆண்டு பிப்ரவரி 5-ம் தேதி, தமது அறுபதாம் வயதில், பிறந்த ஊராகிய கண்டியிலேயே இறையடி சேர்ந்தார்கள்.

எஞ்சி நிற்பது

'முஸ்லிம் நேசன்' நின்றுபோய் நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. அச்சடித்த இயந்திரம் இல்லை. கோத்த எழுத்து இல்லை. ஆனால் அந்தத் தாள்களில் வாரந்தோறும் கேட்கப்பட்ட பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. ஸாஹிரா இருக்கிறது. கண்டியில் அவர்கள் பெயரையே தாங்கிய பள்ளிக்கூடமும் உண்டு. 1977 ஜூன் 11-ம் தேதி, அவர்கள் பிறந்த நாளில், இலங்கை அரசாங்கம் அவர்களுடைய உருவத்தோடு தபால் தலை வெளியிட்டது. வாழ்நாளில் தபாலை நம்பிப் பத்திரிகை அனுப்பியவருக்கு அது பொருத்தமான மரியாதை.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் 'முஸ்லிம் நேசன்' இலாபம் தந்த தொழில் அல்ல. ஆசிரியர் கையிருப்பைத் தின்ற தொழில். ஆனால் அதற்குச் சந்தா கட்டிய சாதாரணக் கடைக்காரருடைய கணக்கைப் பாருங்கள். அவர் கொடுத்த சிறு தொகைக்குச் செய்தி கிடைத்தது. செய்தியோடு கூடவே, தம் பேரப்பிள்ளைகள் அமர்ந்து படிக்க ஒரு வாங்கும் கிடைத்தது. கொடுத்த நாளில் இது அவருக்குத் தெரிந்திருக்காது. கடனுக்குச் சரக்கு விட்ட காப்பித் தோட்டங்கள் அழிந்தன, நம்பிய பாங்கி முறிந்தது. ஒரு பத்திரிகைக்குச் செலுத்திய சந்தா மட்டும் வீண்போகவில்லை.

ஆகவே நம் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டனார் காலத்துக் கடைகளில், பரணிலும் மரப்பெட்டியிலும், பழைய பத்திரிகைகளும் அறிக்கைகளும் கணக்கேடுகளோடு கலந்து கிடப்பதுண்டு. கடையை இடிக்கும்போதோ மாற்றும்போதோ அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கறையான் அரித்த ஒரு தாளானாலும் நூலகத்தில் சேருங்கள். அப்படியே, இன்று நம்மவர் நடத்தும் பத்திரிகை எதுவாயினும், அதன் சந்தாவை நிலுவை வைக்காமல் செலுத்திவிடுங்கள்.